கிளாவே வாசிக்கும் காலும் நின்றுவிடும் கையும்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஐந்து ஆண்டுகள் மிருதங்கம் கற்றிருக்கிறீர்கள், இரண்டு ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிக்கிறீர்கள், வயது 34. ராக் தாளங்கள் சரளமாக வருகின்றன. ஆனால் ஆப்ரோ-கியூபத் தாளங்களுக்கு வந்து, இடது காலில் கிளாவேயை, அதாவது கியூப இசைக்கு அடித்தளமான ஐந்தடித் தாளத்தை, வைத்ததும் வலது கை நின்றுவிடுகிறது. கையைக் கவனித்தால் கால் கையோடு ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வோர் உறுப்பையும் தனியாக மணிக்கணக்கில் பழகியும், சேர்க்கும் நொடியில் எல்லாம் சிதறுகிறது. 'என் மூளைக்கு இது வராதோ, எத்தனை மாதம் ஆகும், இதற்கென்று தனிப் பெடல் வாங்க வேண்டுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி, நான்கு கைகால்களையும் ஒன்றிடமிருந்து ஒன்றைப் பிரிப்பது எப்படி என்பது. தடங்கல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவை பிரியாது. பிரிக்க முயலும்வரை உங்கள் கை நின்றுகொண்டேதான் இருக்கும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துபாயில் ஆறு ஆண்டுகள் ஹோட்டல் இசைக்குழுக்களில் வாசித்தேன். அதில் பாதிக்கு மேல் லத்தீன் நடன இரவுகள். அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகளாக டிரம்ஸ் கற்பிக்கிறேன். கியூபாவுக்குப் போனதில்லை. கியூபாவின் ஆப்பிரிக்க வேர்கொண்ட சாந்தேரியா வழிபாட்டில் வாசிக்கப்படும் பாட்டா மேளங்களை முறையாகக் கற்றதில்லை, ஆகவே அதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். சல்சா, சோங்கோ, ரூம்பா ஆகிய லத்தீன் நடன இசை வகைகளை டிரம் செட்டில் வாசிப்பதும், அதைக் கற்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்த பகுதி.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டி, கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்களைப் போல இரண்டையும் ஒரே பக்கமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு வேகத்துக்கு மேல், நீங்கள் நினைக்காமலேயே, இரண்டு விரல்களும் உள்ளே, இரண்டும் வெளியே என்று மாறிவிடும். ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் இதை அளந்து எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் திரும்பச் செய்து பார்த்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். வேகம் கூடும்போது உறுப்புகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இது மனித உடலின் இயல்பு. 34 வயதுக்காரருக்கும் உண்டு, 14 வயதுக்காரருக்கும் உண்டு, மேடையில் உலகையே வியக்க வைப்பவருக்கும் உண்டு. ஆகவே 'என் மூளைக்கு வராதோ' என்ற கவலையை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவையானது. கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுவை செய்து துண்டித்துக்கொண்ட சிலர் இருக்கிறார்கள். 1996இல் வெளியான ஓர் ஆய்வில் அவர்களிடம் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வடிவங்களை வரையச் சொன்னார்கள். உங்களாலும் என்னாலும் முடியாத அளவுக்கு அவர்கள் தெளிவாக வரைந்தார்கள். ஒரு கையின் வடிவம் மறு கையைக் கெடுக்கவில்லை. ஆனால் காலக்கணக்கில் இரு கைகளும் சேர்ந்தேதான் நகர்ந்தன. வடிவம் பிரிந்தது, காலம் பிரியவில்லை. மூளையைப் பிளந்தபோதும் பிரியாத ஒன்றை நாம் பயிற்சியால் பிரிக்கப் பார்க்கிறோம். கைகால்களின் 'சுதந்திரம்' என்று டிரம்ஸ் வகுப்புகளில் சொல்லப்படும் சொல் மாணவர்களுக்குச் செய்த தீங்கு கொஞ்சமல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்படியானால் வாசிப்பவர்கள் எப்படி வாசிக்கிறார்கள்? நீங்கள் மிருதங்கம் கற்றவர் என்பதால் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் வெவ்வேறு வேலை செய்கின்றன. சில சொற்களில் இரண்டு கையும் சேர்ந்து விழும், சிலவற்றில் ஒன்று மட்டும். ஆனால் உங்கள் ஆசிரியர் ஒருநாளும் 'முதலில் வலது கையின் தாளத்தைப் பழகு, பிறகு இடது கையின் தாளத்தைப் பழகு, மூன்றாம் மாதம் இரண்டையும் சேர்' என்று சொல்லியிருக்க மாட்டார். சொல் ஒன்று, அதை இரண்டு கைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. டிரம் செட்டிலும் அதேதான். நான்கு உறுப்புகளும் சேர்ந்து சொல்லும் ஒரே சொற்கட்டு, அதாவது தாளச் சொற்களின் கோவை, எது என்று கண்டுபிடித்து, அதை வாயால் சொல்லி, பிறகு உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் கிளாவே. இரண்டு சிறு கட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஐந்து அடிகள். கியூப இசையின் நடன வகைகள் பலவற்றுக்கும் முதுகெலும்பு. ஒரு சுற்றை 16 மாத்திரையாக, அதாவது 16 சம நேரத் துண்டுகளாகக் கொண்டால், முதல் பாதியில் மூன்றும் இரண்டாம் பாதியில் இரண்டுமாக வரும் 3-2 சோன் கிளாவேயின் அடிகள் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் விழும். மேலைநாட்டுக் குறியீட்டில் பார்த்தால் சிக்கலாகத் தெரியும் இது, நம் சொற்கட்டில் 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' என்று முடிந்துவிடுகிறது. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டினால் அதுதான் கிளாவே. ரூம்பா கிளாவேயில் மூன்றாவது அடி ஒரு மாத்திரை தள்ளிப்போகிறது: 'தகிட தகதிமி தகிட தக தகதிமி'. அந்த ஒரு மாத்திரைத் தள்ளலில் இசையின் முகமே மாறிவிடும். பாதங்களால் 1, 5, 9, 13 ஆகிய நான்கு இடங்களை மெல்லத் தட்டியபடி இந்த இரண்டு சொற்கட்டுகளையும் நடக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் சொல்லுங்கள். டிரம்ஸ் பக்கம் இரண்டு வாரம் போகாவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது உங்கள் கை நிற்கும் இடத்துக்கு வருவோம். வலது கை கவ்பெல் என்ற உலோக மணியில் 1, 5, 9, 13 என்று நேர் அடிகளை மட்டும் வாசிக்கட்டும். இடது கால் கிளாவே. ஒரு தாளில் 16 கட்டங்கள் வரைந்து இரண்டையும் நிரப்புங்கள். முதல் கட்டத்தில் கையும் காலும் சேர்ந்து. நான்கில் கால். ஐந்தில் கை. ஏழில் கால். ஒன்பதில் கை. பதினொன்றில் கால். பதின்மூன்றில் மீண்டும் இரண்டும் சேர்ந்து. ஆக, ஒரு சுற்றில் மொத்தம் ஏழே நிகழ்வுகள்: 'சேர்ந்து, கால், கை, கால், கை, கால், சேர்ந்து'. இதை வாய்விட்டுச் சொல்லியபடி வாசியுங்கள். 'இடது கால் இப்போது கிளாவே வாசிக்கிறது' என்று நினைக்கவே வேண்டாம். நான் கற்பித்தவர்களில் பலர் முதல் அரை மணி நேரத்தில் இதைத் தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிடுகிறார்கள். மூன்று மாதமாக வராதது வந்துவிட்டதே என்று அவர்கள் முகத்தில் தெரியும் மலர்ச்சியைப் பார்ப்பதற்காகவே இந்தப் பாடத்தை நான் விரும்பி எடுக்கிறேன்.

அடுத்து வலது கால், பேஸ் டிரம். கியூப இசையில் பேஸ் கிட்டார் வாசிக்கும் டும்பாவ் என்ற நடை 4, 7, 12, 15 ஆகிய இடங்களில் விழும். 4ஆம் இடத்துக்குப் போம்போ என்றும், 7ஆம் இடத்துக்குப் போன்சே என்றும் பெயர். இந்த இரண்டும் கிளாவேயின் இரண்டாம், மூன்றாம் அடிகளோடு அப்படியே பொருந்துவதால் அங்கே இரு கால்களும் சேர்ந்து இறங்கும், அது எளிது. கஷ்டம் இரண்டாம் பாதியில். 11இல் இடது கால், 12இல் வலது கால், 13இல் மறுபடி இடது கால், அதோடு வலது கை. அடுத்தடுத்த மூன்று மாத்திரைகளில் கால்கள் மாறி மாறி விழ வேண்டும். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் உடைவது துல்லியமாக இந்த மூன்று கட்டங்களில்தான். முழுச் சுற்றையும் நூறு முறை வாசித்தால் இந்த இடத்தை நூறு முறை தவறாகவே வாசிப்பீர்கள். ஆகவே 11, 12, 13 மட்டும். 'இடது, வலது, சேர்ந்து', நிறுத்தம். மறுபடி. பிறகு 9இலிருந்து தொடங்கி 13 வரை. பிறகு 9இலிருந்து அடுத்த சுற்றின் 1 வரை. கிழிந்த இடத்தை மட்டும் தைத்தால் போதும், சட்டை முழுவதையும் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை.

கடைசியாக இடது கை. காங்கா என்ற, கையால் தட்டும் உயரமான மேளத்தை வாசிப்பவரின் அடிப்படை நடையை இங்கே கொண்டுவருகிறோம்: 3ஆம் இடத்தில் காங்காவின் அறை அடி, அதை ஸ்நேர் என்ற மேளத்தின் விளிம்பில் குச்சியைப் படுக்க வைத்துத் தட்டலாம்; 7, 8 ஆகிய இடங்களில் காங்காவின் திறந்த ஒலி, அதை டாம் என்ற மேளத்தில் வாசிக்கலாம். இரண்டாம் பாதியிலும் அதே போல 11, பிறகு 15, 16. இப்போது நான்கு உறுப்புகளும் நிரம்பிவிட்டன. தாளில் எந்தக் கட்டத்தில் ஏதாவது ஓர் ஒலி இருக்கிறது, எது வெறுமை என்று மட்டும் பாருங்கள். 1, 3, 4 ஒலிக்கின்றன, 2 வெறுமை. 5, 7, 8 ஒலிக்கின்றன, 6 வெறுமை. 9, 11, 12 ஒலிக்கின்றன, 10 வெறுமை. 13, 15, 16 ஒலிக்கின்றன, 14 வெறுமை. நான்கு பேர் நான்கு திசையில் ஓடுவதுபோலத் தெரிந்த தாளம், கூட்டிப் பார்த்தால் 'தா திமி தா திமி தா திமி தா திமி' என்று ஒரு குழந்தைகூடச் சொல்லக்கூடிய நடையாக நிற்கிறது. 'தா'வுக்கு இரண்டு மாத்திரை, 'தி'க்கு ஒன்று, 'மி'க்கு ஒன்று. முதன்முதலில் இதைத் தாளில் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக நான்கு தாளங்களைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தேன். அங்கே இருந்தது ஒன்றுதான்.

எல்லாத் தாளங்களும் இவ்வளவு அழகாகக் கூடிவராது. கவ்பெல்லில் நேர் அடிகளை மட்டும் வைத்தது பயிற்சிக்காக நான் செய்த எளிமைப்படுத்தல். உண்மையான இசைக்குழுவில் அந்த மணியின் வாசிப்பு இதைவிடச் செறிவாக இருக்கும். டிம்பாலே வாசிப்பவர் மேளத்தின் உலோகப் பக்கத்தில் தட்டும் காஸ்கரா நடையை வலது கைக்குக் கொடுத்தால் கூட்டுச் சொற்கட்டு மாறிவிடும். ஆனால் வழி மாறாது: கட்டம் வரைவது, கூட்டுவது, சொல்லாக்குவது, பிறகு பங்கிடுவது.

பயிற்சி முறை பற்றி. சீராகச் சொடுக்கு ஒலி தரும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒரு சொடுக்குக்கு ஒரு மாத்திரை என்று தொடங்குங்கள். ஒரு சுற்றுக்கு 16 நொடி. நடன இசையின் வேகத்தில் இதே சுற்று ஏறக்குறைய இரண்டரை நொடியில் முடிந்துவிடும், ஆகவே இது ஊர்வதுபோல இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். சேர்ந்து விழ வேண்டிய இடங்களில் உண்மையிலேயே சேர்ந்து விழுகிறதா என்று கேளுங்கள். 1ஆம் இடத்தில் கவ்பெல்லும் காலும் 'டக்' என்று ஒரே ஒலியாக வர வேண்டும். 'ட்டக்' என்று வந்தால் ஒன்று முந்திவிட்டது. வாசிக்கும்போது இது காதில் விழாது. கைப்பேசியில் பதிவுசெய்து அன்றிரவே கேட்டுப் பாருங்கள். நன்றாக வந்த பிறகு சொடுக்கை 1, 5, 9, 13க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பிறகு, சொடுக்கு 4ஆம் மாத்திரையில் விழுவதாக நினைத்து அதைச் சுற்றி வாசியுங்கள். இந்தக் கடைசிப் பயிற்சி பொறுமையைச் சோதிக்கும், ஆனால் போம்போ எங்கே இருக்கிறது என்பதை உடலுக்கு வேறெதுவும் இவ்வளவு சீக்கிரம் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வீதம் ஆறு நாள் பழகுவது, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட நல்லது. பயிற்சியைப் பிரித்துச் செய்வதன் பலன் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட ஒன்று. 'இரவில் தூங்கி எழுந்தால் கை தானாக முன்னேறியிருக்கும்' என்ற பேச்சு அந்த அளவுக்கு உறுதியானதல்ல. விரல் பயிற்சிகளை வைத்து 2002இல் வந்த ஆய்வு அப்படித்தான் காட்டியது. பின்னால் வந்தவர்கள், அது முன்னேற்றமா, முதல்நாள் களைப்பு நீங்கியதால் வந்த தோற்றமா என்று கேள்வி எழுப்பினார்கள். என் அனுபவத்தில் நேற்று வராதது இன்று காலை வந்த நாள்கள் நிறைய உண்டு. ஆனால் அதைச் சான்றாக உங்களிடம் நீட்ட மாட்டேன்.

மிருதங்கக் கல்வி உங்களுக்கு எவ்வளவு உதவுமோ, ஓர் இடத்தில் அவ்வளவு இடைஞ்சலும் செய்யும். நம் காது சமத்துக்கு, அதாவது சுற்றின் முதல் இடத்துக்கு, பசித்திருக்கும் காது. எவ்வளவு சுற்றினாலும் கோர்வை என்ற தாள முடிப்பு சமத்தில் வந்து இறங்கும்போதுதான் நமக்கு நிம்மதி. கியூப நடன இசையில் பேஸ் கிட்டாரின் டும்பாவ் பெரும்பாலும் 1ஆம் இடத்தைத் தொடுவதே இல்லை. இரண்டாம் பாதியின் போன்சேயான 15ஆம் இடத்தில், அதாவது சமத்துக்கு முன்பாகவே, அடுத்த சுரக்கூட்டின் ஒலியைத் தொட்டுவிட்டு அதை 1க்கு மேலேயும் நீட்டிக்கொண்டு போகும். நீங்கள் பேஸ் டிரம்மில் 1ஐ ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நீட்சியை வெட்டுகிறீர்கள். சமத்தை உள்ளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், வெளியே சொல்லக் கூடாது. அனாகத எடுப்பில், அதாவது சமம் கடந்த பிறகு, தொடங்கும் பாடல்களுக்கு வாசித்த பழக்கம் இருந்தால் அந்த உணர்வை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். முழுக்க அதுவே அல்ல, ஆனால் அருகில் இருப்பது.

இதோடு சேர்ந்தது திசை. கிளாவேயை மூன்றடிப் பக்கத்தில் தொடங்கினால் 3-2, இரண்டடிப் பக்கத்தில் தொடங்கினால் 2-3. எது என்பதை டிரம்ஸ்காரர் முடிவுசெய்வதில்லை, பாட்டு முடிவுசெய்கிறது. துபாய்க்குப் போன முதல் ஆண்டில் எனக்கு இது தெரியாது. இடது காலில் கிளாவே வந்துவிட்ட மகிழ்ச்சியில், 2-3இல் அமைந்த ஒரு பாட்டுக்கு முழுவதும் 3-2 வாசித்தேன். மேடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இடைவேளையில் எங்கள் காங்கா கலைஞர், சாந்தியாகோ தே கூபா ஊர்க்காரர், என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. இரண்டு கரண்டிகளை எடுத்து நான் வாசித்த விதத்திலேயே தட்டிக்கொண்டு அந்தப் பாட்டை முணுமுணுத்தார். பாட்டின் ஒவ்வொரு வரியும் கரண்டி ஒலியோடு மோதியது. நேராக நிற்க வேண்டிய இடத்தில் கரண்டி துள்ளியது, துள்ள வேண்டிய இடத்தில் நேராக நின்றது. பிறகு சுற்றைத் திருப்பிப் போட்டுத் தட்டினார். பாட்டு அப்படியே அதன் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. சாப்பாடு ஆறிப்போகும்வரை என்னையும் தட்ட வைத்தார். கால் எவ்வளவு சரியாக வாசித்தாலும், காது பாட்டில் இல்லாவிட்டால் அது வெறும் உடற்பயிற்சி என்று அன்றைக்குப் புரிந்தது. நீங்கள் பதினாறு கட்டங்களைப் பழகும்போதே 2-3ஐயும் பழகுங்கள்: அடிகள் 3, 5, 9, 12, 15. அதே தாளம்தான், நுழையும் வாசல் வேறு.

காது வேண்டுமென்றால் இந்தத் தாளங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் வேண்டும். டிரம் செட்டில் நீங்கள் வாசிக்க முயல்வது ஒருவருக்காக உருவானதே அல்ல. காங்காவுக்கு ஒருவர், டிம்பாலேவுக்கு ஒருவர், போங்கோவுக்கும் மணிக்கும் ஒருவர், பேஸ் ஒருவர் என்று ஆள் ஆளாகப் பேசிக்கொள்ளும் இசை அது. உங்கள் ஒவ்வோர் உறுப்பும் அவர்களில் ஒருவரின் வேலையைச் செய்கிறது. ஹுவான் பொர்மெல் 1969இல் ஹவானாவில் தொடங்கிய லோஸ் வான் வான் குழுவில், சங்கித்தோ என்று அறியப்படும் ஹோசே லூயிஸ் கிந்தானா 1970களில் வளர்த்தெடுத்த சோங்கோ, கியூப மேளக் கலைஞர்களின் உரையாடலை டிரம் செட்டுக்குள் கொண்டுவந்த பெரிய திருப்பம். இடது காலில் கிளாவேயை வைத்துக்கொண்டு மேலே மூன்று உறுப்புகளாலும் தாராளமாகப் பேசும் பாணியை உலகெங்கும் பரப்பியவர் ஹவானாவில் பிறந்த ஓராசியோ ஹெர்னாண்டஸ்; எல் நெக்ரோ என்பது அவரது பட்டப்பெயர். அவர் வாசிப்பைக் காணொளியில் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பலர் இந்த வலையில் விழுகிறோம். ஆனால் அவர் காலுக்குக் கிளாவே வருவதற்கு வெகு காலம் முன்பே காதுக்கு வந்திருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். 1952இல் மத்தான்சாஸ் நகரில் தொடங்கப்பட்ட லோஸ் முஞெகித்தோஸ் குழுவின் ரூம்பாவையும், வான் வானின் 1970களின் பதிவுகளையும், நியூயார்க்கில் மச்சீத்தோவும் தித்தோ புவெந்தேவும் நடத்திய பெரிய இசைக்குழுக்களையும் கேளுங்கள். கேட்கும்போது கிளாவேயைத் தட்டுங்கள். பல பதிவுகளில் அதை யாருமே வாசிக்க மாட்டார்கள். ஆனாலும் எல்லோரும் அதன்மேல்தான் நிற்பார்கள்.

12 மாத்திரைத் தாளங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தொடாமல் விட மனமில்லை. அவற்றில் ஒன்றான பெம்பேயின் மணி 1, 3, 5, 6, 8, 10, 12 என்று ஏழு அடிகள்: 'தக தக த தக தக தக த'. மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா, எவே மக்களிடமும் இதே மணி நடை இருக்கிறது. அட்லாண்டிக் கடந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்களோடு கொண்டுவந்தது. ரூம்பாவை நல்ல கலைஞர்கள் வாசிக்கும்போது அடிகள் 16இன் கட்டத்திலும் விழாது, 12இன் கட்டத்திலும் விழாது; இரண்டுக்கும் நடுவில் எங்கோ மிதக்கும். நான் இவ்வளவு நேரம் வரைந்த கட்டங்கள் அங்கே தோற்றுப்போகின்றன. கட்டம் உங்களை வாசலில் விடும். அதற்கு மேல் காதால்தான் போக முடியும். அந்த மிதப்பை நான் இன்னும் முழுமையாகப் பிடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

உடலைப் பற்றி ஒன்று. ராக் தாளத்தில் இடது கால் பெரும்பாலும் பெடல்மேல் ஊன்றியிருக்கும். நம்மை அறியாமல் அதுதான் நம்மைத் தாங்குகிறது. இரு கால்களும் நகரத் தொடங்கியதும் உடம்பு முன்னே சாயும், கீழ் முதுகு இறுகும், அதன்பின் கை நிற்கும். கையில் குறை தேடிக்கொண்டிருப்பீர்கள்; குறை ஸ்டூலில் இருக்கும். முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி ஸ்டூலை உயர்த்தி, முதல் சில வாரங்கள் இரண்டு குதிகால்களையும் ஊன்றியபடியே வாசியுங்கள். கீழ்க்காலின் முன்பக்கத்தில் களைப்பு வரலாம், அது போய்விடும். வலி வந்து, ஓய்வுக்குப் பிறகும் தங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எத்தனை மாதம் என்ற கேள்விக்கு ஆய்வு எதுவும் பதில் தராது, என் மாணவர்களைப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தினமும் இருபது நிமிடம் தவறாமல் உட்கார்ந்தவர்கள், மேலே சொன்ன நான்கு உறுப்புத் தாளத்தை மெதுவான வேகத்தில் தடையின்றி வாசிக்க இரண்டிலிருந்து நான்கு மாதம் எடுத்தார்கள். நடன வேகத்துக்கு மேலும் அவ்வளவே. கிளாவேயைக் காலில் விட்டுவிட்டு மேலே நினைத்ததை வாசிப்பது ஆண்டுக் கணக்கு. வயதால் பெரிய வேறுபாட்டை நான் கண்டதில்லை. சிறுவர்கள் வேகமாகக் கற்பதாகத் தோன்றுவது, அவர்களுக்குப் பழக நிறைய நேரம் இருப்பதால் என்றுதான் எண்ணுகிறேன். இதை யாராவது மறுத்தால் நான் வாதாட மாட்டேன்.

பெடலை இப்போது வாங்காதீர்கள். இடது காலுக்கு, இரட்டைத் தட்டுகளை மூடித் திறக்கும் ஹைஹாட் பெடலே போதும். மூடும்போது வரும் 'சிக்' ஒலியில் கிளாவே தெளிவாகக் கேட்கும். அதற்கும் முன்பாக ஒரு சோதனை இருக்கிறது. வலது கை கவ்பெல், வலது கால் டும்பாவ், இடது கை காங்கா நடை என்று மூன்றையும் வாசித்துக்கொண்டு, இடது காலைச் சும்மா வைத்துவிட்டு, கிளாவேயை வாயால் சொல்லிப் பாருங்கள். சொற்கட்டு முழுவதும் வேண்டாம், ஐந்து அடிகளுக்கும் 'டக்' என்று மட்டும். 3-2இல் ஐந்து நிமிடம், நிறுத்தாமல், 2-3இல் ஐந்து நிமிடம். குரல் தடுமாறினால் கால் தடுமாறத்தான் செய்யும். குரலில் வந்துவிட்டால், ஒருநாள் இடது கால் அதைத் தானே தட்ட ஆரம்பித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அன்றைக்குக் கடைக்குப் போய், கட்டை ஒலி தரும் பிளாக்கையும் அதற்கொரு பெடலையும் வாங்கி, ஹைஹாட்டுக்கு இடப்பக்கத்தில் பொருத்திக்கொள்ளுங்கள்.